மளிகைக் கணக்கு - 2

பெரிய மார்க்கெட்டுக்கு நான் எப்போதும் நேரு வீதிப் பக்கமாக நுழைந்து ரங்கப்பிள்ளை வீதிப் பக்கமாக வெளியேறுவது வழக்கம். இடையில், மணிக்கூண்டைத் தாண்டியதும், கீரை விற்கும் ஓர் அம்மாள் இருக்கிறார். பதினைந்து ஆண்டுப் பழக்கம். அவருடைய மகன் அருகிலேயே தக்காளியும் வெங்காயமும் போட்டிருக்கிறான். கல்லா ஒன்றுதான். சாக்குக்கு அடியில் இருக்கும் தகரடப்பா அது. கீரைக்காசும் தக்காளிக்காசும் அதற்குள்தான் போகும். இப்போது பாதிக்காசு டப்பாவுக்கே வருவதில்லை, மகனின் கைபேசிக்குப் போய்விடுகிறது. ஆனால் அந்த அம்மாளின் இடுப்பில் ஒரு சுருக்குப்பை உண்டு. சென்ற மாதம் சில்லறைக்காக மகன் டப்பாவைத் துழாவிக்கொண்டிருந்தபோது, "உங்க பையில இருக்குமே" என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "இது கடைக்கணக்குல வராது டீச்சரம்மா" என்றார். மகன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்துக் கடையில் சில்லறை வாங்கிவரப் போய்விட்டான்.

அந்தப் பையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வெற்றிலையாக இருக்கலாம், நூறு ரூபாயாக இருக்கலாம். அவர் அதை ஒளித்துவைக்கவில்லை என்பதையே நான் கவனித்தேன். எல்லோர் கண்ணிலும் படும்படி இடுப்பில் தொங்குகிறது, ஒருவரும் கைவைப்பதில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் 2003ஆம் ஆண்டு வந்து அமர்ந்த கணினியில் இப்படியொரு சுருக்குப்பையை என்னால் செய்துகொள்ள முடியவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

திருமணமான மறு ஆண்டு அது. உதிரிபாகங்களை வாங்கிப் பூட்டிய கணினி. தொலைக்காட்சிப் பெட்டி அளவு திரை, அதற்கு என் அத்தை கையால் தைத்துப் போட்ட பூவேலைத் துணி. விண்டோஸ் எக்ஸ்பி. வீட்டில் ஆறு பேர். எல்லோருக்குமாக ஒரே பயனர் கணக்கு, கடவுச்சொல் கிடையாது. பொத்தானை அழுத்தினால் பச்சைப் புல்வெளியும் நீலவானமும் வரும். கணவரின் அலுவலகக் கடிதங்கள், கொழுந்தனாரின் பாட்டுகள், மாமனாரின் ஓய்வூதிய விண்ணப்பம் எல்லாம் 'மை டாகுமென்ட்ஸ்' என்ற ஒரே அடைவுக்குள். நான் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். பாடக்குறிப்பு தட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு இரவு பத்து மணிக்குமேல் சிறுகதைகள் எழுதத் தொடங்கினேன். கோப்புக்கு நான் வைத்த பெயர் 'மளிகைக் கணக்கு - 2'. வீட்டில் வேறு யாரும் திறக்கவே மாட்டார்கள் என்று நான் நம்பிய ஒரே பெயர் அதுதான். (மளிகைக் கணக்கு - 1 உண்மையாகவே மளிகைக் கணக்கு.)

ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம், எண்ணெய் எவ்வளவு வாங்கினோம் என்று பார்க்கக் கொழுந்தனார் அதைத் திறந்துவிட்டார். இரவு சாப்பாட்டு நேரத்தில் அதில் இரண்டு பத்திகளைச் சத்தமாக வாசித்தார். கேலியாக அன்று, பெருமையாகத்தான். "அண்ணி கதை எழுதறாங்க!" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கதையில் ஒரு மாமியார் வருகிறார். அவர் என் அத்தை அல்லர் என்று அந்த மேசையில் நான் எப்படி நிறுவுவது? அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டே இருந்தார். அன்றிரவு ஷிஃப்ட், டெலீட் இரண்டையும் ஒருசேர அழுத்தி ஐந்து கதைகளையும் அழித்தேன். அதற்குப்பின் எட்டு ஆண்டுகள் ஒரு வரிகூட எழுதவில்லை. இதில் யாருக்கும் தீய எண்ணம் இருந்ததில்லை என்பதை மீண்டும் சொல்லவேண்டும். அன்பான வீடுதான். அன்பான வீடுகளில்தான் இது நடக்கிறது.

மார்க்கெட்டை விட்டு வெளியே வந்தால் அந்த வீதிக்குத் தன் பெயரைத் தந்தவரின் மாளிகை இருக்கிறது. 1730களில் கட்டப்பட்டது. கீழ்த்தளம் நம்மூர் மரத்தூண்கள், மேல்தளம் ஐரோப்பிய பாணிச் சுதைத்தூண்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1709இல் பிறந்து 1761 ஜனவரியில், பிரெஞ்சுப் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்த அதே மாதத்தில், மறைந்தவர். துய்ப்ளெக்ஸின் தலைமைத் துபாஷி. 1736 செப்டம்பரில் தொடங்கி ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யார் யாருக்கு என்ன மரியாதை செய்யப்பட்டது என்று வரிசையாக எழுதிக்கொண்டே போகிறவர், கவர்னரின் மனைவியைப் பற்றி எழுதும்போது மட்டும் பேனாவைக் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கிறார். அந்த அம்மையார் புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் பேசத் தெரிந்தவர், பிள்ளையிடம் பகைமை பாராட்டியவர். 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டபோது அவருக்கு அதில் இருந்த பங்கையும் நாட்குறிப்பு விடவில்லை. இந்தப் பக்கங்கள் கோட்டைக்குள் போயிருந்தால் பிள்ளையின் பதவி மட்டும் போயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அதே காலத்துக்குச் சற்று முன், 1660களில் லண்டனில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பெப்பிஸ் சுருக்கெழுத்தில் எழுதினார். 1825இல்தான் அது அச்சேறியது. பிள்ளை அப்படி எதுவும் செய்யவில்லை. பேச்சுவழக்குத் தமிழில், யார் எடுத்துப் படித்தாலும் விளங்கும்படி எழுதினார். வீடு நிறைய உறவினரும் கணக்கரும் ஏவலரும் இருந்திருப்பார்கள். அவருக்கு இருந்த பூட்டு அந்த வீட்டு மனிதர்கள்தாம் என்று நினைத்துக்கொள்கிறேன். அவருக்குப் பின் குடும்பத்தின் அடுத்த தலைமுறையினர் அந்த எழுத்தைத் தொடரவும் செய்தார்கள். 1846இல் கலுவா-மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்துப் படியெடுக்கும்வரை, எண்பத்தைந்து ஆண்டுகள், அது வீட்டுச் சொத்தாகவே கிடந்தது. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அதை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது தலைப்பிலேயே 'அந்தரங்க நாட்குறிப்பு' என்ற பொருள்படும் சொல்லைப் போட்டது. அந்தரங்கம் என்று அட்டையில் அச்சிட்டு விற்பது ஒரு வேடிக்கைதான். ஆனந்தரங்கம், அந்தரங்கம் என்று சொல் விளையாட்டில் இறங்க நாக்கு ஊறுகிறது, வகுப்பறைப் பழக்கம். விட்டுவிடுகிறேன்.

நம் மொழிக்கு 'பிரைவசி' என்ற கருத்தே கிடையாது, அது மேற்கத்திய இறக்குமதி என்று இலக்கியக் கூட்டங்களில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கூட்டுக் குடும்பத்தில் தனிக்கோப்பு எதற்கு என்ற கேள்வியும் அதன் கிளைதான். எனக்கு இதில் உடன்பாடில்லை. தன் இலக்கியம் முழுவதையும் அகம், புறம் என்று பிரித்துவைத்த மொழி இது. அகப்பாட்டில் ஒருவர் பெயரும் சுட்டப்படலாகாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. தலைவன், தலைவி, தோழி, அவ்வளவுதான். நெடுநல்வாடையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிந்த தலைவியின் துயரம் பாட்டில் வருகிறது. ஆனால் பாசறைக் காட்சியில் வேலின் தலையில் வேப்பம்பூச் சூட்டியிருப்பதாக ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. ஆகவே ஆள் இன்னார் என்று தெரிந்துவிட்டது, ஆகவே இது அகம் ஆகாது என்றார் நச்சினார்க்கினியர். பெயரைக்கூடச் சொல்லவில்லை, ஒரு பூ! வகுப்பில் இதை நடத்தும்போது மாணவர்கள் உரையாசிரியரின் பிடிவாதத்தைக் கண்டு சிரிப்பார்கள். இப்போது நான் அவர்களிடம், உங்கள் கைபேசியில் எடுத்த ஒரு நிழற்படத்தின் உள்ளே எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கக்கூடும், அதுதான் அந்த வேப்பம்பூ என்று சொல்கிறேன். சிரிப்பு நின்றுவிடுகிறது.

அந்த மாணவிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 2020இல் கல்லூரிகள் மூடப்பட்டு இணையவழி வகுப்புகள் நடந்தபோது, என் வகுப்பில் பாதிப்பேருக்கு மேல் அண்ணனின் கைபேசியிலோ அப்பாவின் கைபேசியிலோதான் வந்தார்கள். ஒரு பெண்ணை அழைத்தால் முதலில் ஓர் ஆண் குரல் "யாரு?" என்று கேட்கும். ஒருமுறை கவிதை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். எப்போதும் நன்றாக எழுதக்கூடிய ஒரு மாணவி மரம் வளர்ப்பதன் நன்மை பற்றி எட்டு வரி அனுப்பினாள். கல்லூரி திறந்தபின் கேட்டேன். "அந்த போன்ல எழுத முடியாது மேடம்" என்றாள். கைபேசி பழுது என்று முதலில் நினைத்துக்கொண்ட என் மந்தபுத்தியை என்னவென்று சொல்வது! ஆளுக்கொரு கைபேசி வந்துவிட்ட காலத்தில் குடும்பக் கணினி ஒரு பிரச்சினையா என்று கேட்பவர்கள் இந்த வீடுகளைப் பார்த்ததில்லை.

கருவிகளைப் பொறுத்தவரை கதை பழையது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ள 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். ஒவ்வொருவர் கோப்பும் தனித்தனியே இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் கடவுச்சொல் அங்கே புகுந்தது. 1962இலேயே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமல், எல்லோருடைய கடவுச்சொல்லும் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுத்துவிட்டார். பூட்டும் பூட்டுடைப்பும் ஒரே தொட்டிலில் வளர்ந்தவை.

நம் வீடுகளுக்கு வந்த கணினிகள் இன்னும் மோசம். விண்டோஸ் 98இல் கடவுச்சொல் கேட்கும் பெட்டி வந்தால் எஸ்கேப் பொத்தானை அழுத்தி உள்ளே போய்விடலாம். எக்ஸ்பியில் ஆளுக்கொரு கணக்கு வைத்து, அவரவர் கோப்புகளைப் பிறர் திறக்காதபடி செய்ய வழி இருந்தது. ஆனால் வன்தட்டு என்.டி.எஃப்.எஸ். முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கவேண்டும். எங்கள் கணினியைப் பூட்டித் தந்தவர் ஃபேட்32 முறையில் செய்து தந்திருந்தார் என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே எனக்குத் தெரிந்தது. 2006 ஜூலையில் மைக்ரோசாப்ட், கடவுச்சொல்லால் பூட்டக்கூடிய ஓர் அந்தரங்க அடைவை இலவச மென்பொருளாக வெளியிட்டது. அலுவலகக் கணினிகளை நிர்வகிப்பவர்கள் எதிர்த்தார்கள். ஊழியர் கடவுச்சொல்லை மறந்தால் என்ன செய்வது என்பது அவர்கள் கேள்வி. சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மாமியார்கள் எதிர்த்து நின்றுபோனதாக ஒரு கற்பனை எனக்கு உண்டு.

பெயர் தெரியாத ஒரு பூட்டும் எங்கள் வீட்டில் இருந்தது. மாமனார் பழைய எழுத்துருவில் தட்டிவைத்த கடிதங்கள் ஒருங்குறிக்கு மாறிய பின் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தன. பாமினி எழுத்துருவை நிறுவிய பிறகுதான் திறந்தன. தமிழர்கள் அறியாமல் செய்துவைத்த மறையாக்கம்!

இனி நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பகுதி.

என் மகளுக்குப் பதினேழு வயது. கூடத்துக் கணினி மாறிவிட்டது, இடம் மாறவில்லை. போன ஆண்டு ஒரு ஞாயிறு பிற்பகல், விடைத்தாள் மதிப்பெண் பட்டியலைத் தேடிக்கொண்டிருந்தபோது 'வேதியியல் சமன்பாடுகள் - 2' என்றொரு கோப்பைப் பார்த்தேன். அந்த '2' போதும். எனக்குத் தெரியாதா? திறந்தேன். முதல் பக்கம் படித்ததும் அது என்ன என்று விளங்கிவிட்டது. மூடியிருக்கவேண்டும். இரண்டாம் பக்கம் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஓர் அம்மா வந்தாள். அதையும் படித்தேன். அங்கேதான் மூடினேன். ஒழுக்கத்தால் அன்று, அதற்குமேல் தாங்கவில்லை.

கணவரிடம் சொன்னேன். "படிச்சதுல என்ன தப்பு? பெத்தவங்க பார்க்காம வேற யாரு பார்ப்பா? இன்டர்நெட்டுல என்னென்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியாதா" என்றார். இந்த வாதத்தை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். பதினைந்து வயதுப் பிள்ளைகளை இணையத்தில் குறிவைக்கும் கூட்டங்கள் உண்டு என்பது உண்மை. ஆறு வயதுக் குழந்தையிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவதும் பொறுப்பன்று. ஆனால் வெளியிலிருந்து உள்ளே வருவதைக் கண்காணிப்பது ஒன்று, உள்ளேயே எழுதி உள்ளேயே வைத்திருப்பதைப் புரட்டுவது வேறு. தெருக்கதவுக்குத் தாழ் போடுகிறோம் என்பதற்காக டிரங்குப் பெட்டியை உடைக்க உரிமை வந்துவிடாது. அவள் யாரிடம் பேசுகிறாள் என்று கேட்கும் உரிமை எனக்கு உண்டு. கேட்கவேண்டும், அவள் முகத்தைப் பார்த்து. கேட்பதற்குக் கூச்சப்பட்டுத்தான் நாம் திறந்து பார்க்கிறோம். எளிய வழி அதுதானே.

சட்டம் நம் வாசற்படியோடு நின்றுவிடுகிறது என்பதையும் இங்கே குறிக்கவேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் தம் சொந்த, இல்லத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்குப் பொருந்தாது. அது சரியானதுதான். மாமியாரின் மேல் மருமகள் தரவு வழக்குப் போடும் நாட்டில் நான் வாழ விரும்பவில்லை. ஆனால் சட்டம் வராத இடத்தில் வழக்கம் என்று ஒன்று இருந்தாகவேண்டும். சுருக்குப்பைக்கு இருக்கிறது, கணினிக்கு நாம் இன்னும் உண்டாக்கவில்லை.

ஆகவே ஒரு வாரம் கழித்து மகளிடம் ஒப்புக்கொண்டேன். மூன்று பக்கம் படித்தேன் என்று எண்ணிக்கையோடு. அவள் கத்தவில்லை. "எந்த மூணு?" என்று கேட்டாள். சொன்னேன். எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் நான் கணினியில் நான்கு கணக்குகள் தொடங்கினேன், கணவருக்கும் மகனுக்கும் சேர்த்து. ஒவ்வொருவரும் தனியாக அமர்ந்து கடவுச்சொல் போட்டார்கள், மற்றவர்கள் சமையலறையில் நின்றோம். மகனுக்குப் பத்து வயது. தன் கடவுச்சொல்லை அன்று மாலையே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டான்.

மகள் வந்து பார்த்தாள். "நீதானேம்மா அட்மின்?" என்றாள்.

அவள் சொன்னது முற்றிலும் சரி. நிர்வாகி உரிமை உள்ளவர் மற்றவர் அடைவின் உடைமையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு திறந்துவிடலாம். தனிக்கணக்கு என்பது கதவுதான், பூட்டன்று. மறையாக்கம் செய்தால்தான் பூட்டு. வீடுகளுக்கு விற்கப்படும் ஹோம் பதிப்பில் தனி அடைவுகளை மறையாக்கும் வசதியை விண்டோஸ் தருவதில்லை. வெராகிரிப்ட் போன்ற இலவச மென்பொருளை நிறுவலாம், அல்லது எழுதும் கோப்பையே கடவுச்சொல்லோடு சேமிக்கலாம், லிப்ரே ஆபீஸில் அது சேமிக்கும் பெட்டியிலேயே இருக்கிறது. கடவுச்சொல்லை மறந்தால் எழுதியது எழுதியவருக்கும் இல்லை. இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். என் மகளுக்கு என்னிடமிருந்து ஒளித்துக்கொள்ளும் கலையை நானே கற்பிக்கிறேனே என்று நடுவில் ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அவள் எந்த வழியைத் தேர்ந்தாள் என்று எனக்குத் தெரியாது. 'வேதியியல் சமன்பாடுகள் - 2' இப்போது பொது அடைவில் இல்லை.

இவ்வளவும் எழுதிய பிறகு எனக்கே எதிராக ஒரு கேள்வி நிற்கிறது. 1846இல் அந்தப் பிரெஞ்சுக்காரர் என்னைப்போல் கூச்சப்பட்டிருந்தால், பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் பற்றி நமக்கு இருக்கும் மிகப்பெரிய தமிழ்ச் சான்று கரையானுக்குப் போயிருக்கும். உயிருள்ளவரின் பெட்டி, இறந்தவரின் பெட்டி என்று வேறுபடுத்திச் சமாதானம் சொல்லலாம். எத்தனை ஆண்டு? எண்பத்தைந்து என்பது வசதியான எண். என் அத்தை இறந்து ஆறு ஆண்டுதான் ஆகிறது. அவருடைய டிரங்குப் பெட்டிச் சாவி கடைசிவரை இடுப்பிலேயே இருந்தது. காரியங்கள் முடிந்தபின் கணவர் பெட்டியைத் திறந்து, புடவைகளுக்கடியில் இருந்த நீண்ட கணக்குநோட்டு ஒன்றை எடுத்து, "நீதான் தமிழ் படிச்சவ" என்று என்னிடம் கொடுத்தார். அட்டையில் 'பால் கணக்கு' என்று எழுதியிருக்கிறது. பாலுக்கு அவ்வளவு தடித்த நோட்டு தேவைப்படாது.

அலமாரியின் மேல்தட்டில், ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருக்கிறேன். பூச்சி வராமலிருக்க வருடத்துக்கு ஒருமுறை வேப்பிலை மாற்றுவேன். போன வாரம் அதைச் செய்துகொண்டிருந்தபோது மகள் வந்து நின்றாள்.

"பாட்டியோடதா? நீ படிக்கலையா?"

"இல்லை."

"நான் படிக்கட்டுமா?" என்றாள்.

உறையை மடித்துக்கொண்டிருந்தேன். இன்னும் பதில் சொல்லவில்லை.